அலங்கார மீன்: தொட்டி கட்டுமுன் வாங்குபவரைத் தேடுவோம்

மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் பெற்ற மண்ணிலே மீனைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். வாவியில் வலை வீசுபவர்களாகவும், வலை வீசாவிட்டாலும் கறிக்கு நல்ல மீனைக் கண்ணால் பார்த்துத் தெரிந்தெடுப்பவர்களாகவுமே நாம் வளர்ந்தோம். ஆனால் தின்னாத மீனை, ஒரு விரல் நீளம்கூட வராத மீனை, வளவிலே தொட்டி வைத்து வளர்த்து, விற்று, அரிசி வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி. 1990 இலும் பின்னர் 2006, 2007 இலும் ஊரை விட்டு வந்து, இன்னும் உறவினர் வளவிலோ பிறர் காணியிலோ துண்டு நிலத்தில் இருக்கும் வேளாண்மைக் குடும்பங்களுக்கு இது சும்மா கேட்கும் கேள்வியல்ல. வயல் படுவான்கரையில் கிடக்கிறது, குடும்பம் எழுவான்கரையில் இருக்கிறது. போகத்துக்குப் போகம் ஆற்றைக் கடந்து போய் வரும் ஆண், வீட்டில் இருக்கும் பெண், வயதான தாய் தகப்பன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இப்படிப்பட்ட வீட்டுக்கு அலங்கார மீன் வளர்ப்பு சரிவருமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில குடும்பங்களுக்கு இது நல்ல பக்கத்தொழில். பல குடும்பங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்க மீனைப் பற்றிய அறிவு பாதிதான் உதவும். இருக்கும் காணி யாருடையது, கிணற்று நீர் எப்படிப்பட்டது, மீனை வாங்கப்போவது யார் என்பவையே மீதிப் பாதி. இவற்றில் வாங்குபவரைப் பற்றித்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். தொட்டி கட்டி, மீன் பெருகி, இனி வைக்க இடமில்லை என்றான பிறகு "இதை எங்கே விற்பது?" என்று கேட்பது, நெல்லை அறுத்துப்போட்டு விட்டுக் களத்துக்கு இடம் தேடுவது போன்றது.

இலங்கையின் அலங்கார மீன்கள் பல பத்தாண்டுகளாக வெளிநாடு செல்கின்றன. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் வீட்டு மண்டபங்களில் உள்ள கண்ணாடித் தொட்டிகளில் எமது நாட்டு மீன்கள் நீந்துகின்றன. நன்னீர் மீன்களில் முதலிடம் கப்பிக்கு. நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் விடும் அதே சிறு மீனின் அழகிய இனங்கள்தாம் இவை. வால் விசிறி போல விரிந்து, சிவப்பும் நீலமும் கறுப்புமாக இருக்கும். ஏற்றுமதிக் கம்பனிகள் தமக்கு வேண்டிய மீன் எல்லாவற்றையும் தாமே வளர்ப்பதில்லை. நல்ல இனத் தாய்மீன்களையோ குஞ்சுகளையோ சிறு வளர்ப்பாளர்களிடம் கொடுத்து, வளர்ந்தபின் திரும்ப வாங்குகிறார்கள். இறைச்சிக் கோழிக்குஞ்சு கொடுத்து வளர்க்கச் செய்து வாங்கிக்கொள்ளும் முறையைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். இப்படி வளர்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலும் வடமேல் மாகாணத்திலும் உள்ளன. காரணம் மண்ணோ நீரோ அல்ல, கட்டுநாயக்க விமான நிலையம் அருகில் இருப்பதே. மட்டக்களப்பிலிருந்து அங்கே போக ஒரு இரவுப் பிரயாணம். இந்தத் தூரத்தை முதலில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதன் பின்னால்தான் வரும்.

ஏன் வளர்க்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நெல்லுக்கு ஏக்கர் வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். கப்பிக்கு ஒரு மாமரத்து நிழல் போதும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி வேலை. அதையும் வீட்டில் இருப்பவர் செய்யலாம். நெல்லைப் போல ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் காசைக் காணாமல், ஒருமுறை ஓட்டத்துக்கு வந்துவிட்டால் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் கைக்கு வரும். ஒரு மாடு நிற்கும் வீட்டில் சாணம் இருக்கிறது; சாணத்திலிருந்து மீன்குஞ்சுக்கு உயிருள்ள தீன் உண்டாக்கலாம். தொட்டியிலிருந்து மாற்றும் அழுக்கு நீர் கீரைக்கும் மிளகாய்க் கன்றுக்கும் நல்ல பசளை நீர்.

ஆனால் ஒரு விடயம் எம்மை யோசிக்க வைக்கிறது. நெல் விலை விழுந்தால் மூட்டை கட்டி வைக்கலாம், அவித்துக் குற்றித் தின்னலாம். 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைக் குளத்தில் வளர்த்து விற்க முடியாவிட்டால் சட்டிக்குள் போடலாம். கப்பியை என்ன செய்வது? 2020 மார்ச்சில் கொரோனாவால் ஊரடங்கு வந்து, விமானங்களும் நின்றபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த வளர்ப்பாளர்களின் தொட்டியில் மீன் இருந்தது, தீனும் தின்றது, வாங்க ஆள் இல்லை. 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றபோது, விமானம் இருந்தாலும் மீனை அங்கே கொண்டுபோகும் வழி இல்லை. தின்ன முடியாத விளைச்சல் என்பது முழுக்க முழுக்கச் சந்தையின் கையில் இருக்கும் விளைச்சல். ஆகவே வயலுக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள். வயலோடு, கோழியோடு, தோட்டத்தோடு ஒன்றாக மட்டும் வையுங்கள்.

இதே காரணத்துக்காகவே, கடன் பட்டு இதைத் தொடங்க வேண்டாம் என்கிறோம். நுண்கடன் கம்பனிகளிடம் பட்ட கடன் எமது மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில் நிவாரணம் கொடுக்க அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. கிழமைக்குக் கிழமை தவணை கேட்கும் கடனும், மூன்று நான்கு மாதம் கழித்து முதல் காசைக் காட்டும் மீனும் ஒரே வீட்டில் இருக்க முடியாது.

கப்பியின் கணக்கு

புதிதாகத் தொடங்குபவருக்குக் கப்பியும் மொலியும்தான் ஏற்றவை. இரண்டும் முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனும். பைற்றர் அழகான மீன், ஆனால் ஆண்மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். ஒவ்வொன்றையும் தனிப்போத்தலில் வைத்து ஒவ்வொரு போத்தலுக்கும் நீர் மாற்ற வேண்டும். ஏஞ்சல் முட்டையிடும், குஞ்சைத் தப்ப வைக்கக் கைப்பழக்கம் வேண்டும். அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். இளம் தாய் பத்துப் பதினைந்து, நன்கு வளர்ந்த தாய் முப்பது நாற்பது, சிலவேளை அதற்கு மேலும். ஈன்ற கையோடு தன் குஞ்சையே பிடித்துத் தின்னும் குணமும் அதற்கு உண்டு. ஒளிந்துகொள்ளத் தொட்டியில் நீர்ப்பாசியோ, பிரித்துப் போட்ட நைலோன் கயிற்றுத் தும்போ இருந்தால் குஞ்சு தப்பும்.

இருபது தாய் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். தாய்க்கு முப்பது வீதம் மாதம் 600 குஞ்சு. கேட்க இனிமையான கணக்கு. தாய் தின்றது, நோயில் போனது, முதுகு வளைந்தது, நிறம் சேராதது எல்லாம் கழித்துப் பாதி நிற்கிறது என்றால் 300. அதில் ஆணும் பெண்ணும் சரிபாதி. நிறமும் வாலும் ஆணுக்கே, நல்ல விலையும் ஆணுக்கே. ஆகவே நல்ல விலைக்குப் போகக்கூடியவை மாதம் 150 அளவில். இவை விற்கும் பருவத்துக்கு வர மூன்று நான்கு மாதம் செல்லும். அதுவரைக்கும் செலவு மட்டுமே. உங்கள் பகுதியில் கிடைக்கும் விலையால் 150 ஐப் பெருக்கி, தீன், பொலித்தீன் பை, பிரயாணச் செலவு ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். வரும் தொகை ஒரு மாத வாழ்க்கையா அல்லது பிள்ளையின் கொப்பிக் காசா என்பது அப்போது தெரியும். கொப்பிக் காசும் காசுதான். ஆனால் அதற்கு ஏற்ற முதலைத்தான் போட வேண்டும்.

இன்னொன்று. ஒரு தொட்டியோடு இந்தத் தொழில் முடியாது. தாய்களுக்கு ஒன்று, சிறு குஞ்சுக்கு ஒன்று, வளரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே, நோய்ப்பட்டதைப் பிரித்து வைக்க ஒரு சிறு பாத்திரம். ஆணையும் பெண்ணையும் ஏன் பிரிக்க வேண்டும்? பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு ஈனும். நீல இனத்துப் பெண்ணோடு கிணற்றுக் கப்பி ஒன்று ஒரு நாள் தற்செயலாகச் சேர்ந்துவிட்டால் அந்தத் தாயின் அடுத்த சில ஈற்றுகளும் கலப்பு. ஏற்றுமதியாளர் கலப்பு மீனைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆகவே மூன்று நான்கு கிழமைக்குள் பிரித்துவிட வேண்டும். ஆணுக்கு வயிற்றின் கீழுள்ள செட்டை நீண்டு கூராகும். பெண்ணுக்கு அது விசிறிபோல இருக்கும், அடிவயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு இது பெரியவர்களின் கண்ணைவிட விரைவில் பிடிபடும்.

தீனைப் பொறுத்தவரை, கடையில் வாங்கும் தூளை மட்டும் நம்பினால் இலாபம் தூளோடு போய்விடும். மொயினா என்ற கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் நீர்ப்பூச்சியை வளர்க்கலாம். காய்ந்த சாணத்தைத் துணியில் முடிந்து, வெயில்படும் ஒரு தொட்டி நீரில் தொங்கவிட வேண்டும். நீர் பச்சையாகி வரும்போது பழைய வளர்ப்பாளர் ஒருவரிடம் வாங்கிய கொஞ்ச மொயினாவை விட்டால் ஒரு கிழமைக்குள் பெருகும். விடியற்காலையில் மெல்லிய துணியால் வடித்தெடுத்துக் குஞ்சுக்குக் கொடுக்கலாம்.

காணியும் தொட்டியும்

இருக்கும் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ உங்களிடம் இல்லையென்றால் சீமெந்துத் தொட்டி கட்டாதீர்கள். இதில் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். சொந்த ஊருக்குத் திரும்பும் நாள் வந்தால் சீமெந்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காணிக்காரர் மனம் மாறினாலும் அதே கதைதான். கழற்றிக் கொண்டுபோகக்கூடிய தொட்டிகள் பல உண்டு. பழுதான குளிர்சாதனப் பெட்டியின் உடலை மல்லாக்கப் போட்டுக் கழுவினால் நல்ல தொட்டி. பாதியாக வெட்டிய பிளாஸ்ரிக் பரல், அடி பூசிய கிணற்று வளையம், நான்கு பக்கமும் பலகையோ மண்மூட்டையோ அடுக்கி உள்ளே தடித்த பொலித்தீன் விரித்த தொட்டி, எதுவும் சரி. பரல் வாங்கும்போது முன்பு அதில் கிருமிநாசினி இருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். இருந்திருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். கிருமிநாசினி தெளித்த கையோடும், அந்தத் தெளிகருவியோடும் தொட்டிப் பக்கம் போவதும் கூடாது. வயற்காரர் வீட்டு மீன்கள் இப்படித்தான் ஒரே இரவில் மிதக்கும்.

சொந்தக் காணியில் சீமெந்தால் கட்டுபவர்கள், புதுத் தொட்டிக்குள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நீர் நிரப்பி, இடையிடையே நீரை மாற்றி, இரண்டு மூன்று கிழமை ஊறவிட வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும்.

நீரில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் வித்தியாசம் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கான எழுவான்கரையில், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் எமது கிணறு. அதிகமாக இறைத்தால் உவர் ஏறும். 2004 டிசம்பர் 26 சுனாமி எத்தனை கிணறுகளைக் கெடுத்தது என்பதையும் கண்டோம். நல்ல வேளையாகக் கப்பி சற்று உவரைத் தாங்கும், மொலி அதைவிட அதிகம் தாங்கும். கருவி ஒன்றும் தேவையில்லை. உங்கள் கிணற்று நீரை ஒரு வாளியில் எடுத்து ஐந்து சாதாரணக் கப்பியை ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். ஐந்தும் சுறுசுறுப்பாக ஓடித் திரிந்தால் நீர் உதவும். படுவான்கரையில் நீர் நன்னீர்தான், ஆனால் ஆவணி புரட்டாதியில் கிணறு வற்றினால் என்ன செய்வதென்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை தொட்டி நீரில் கால்வாசி மாற்ற வேண்டுமே. உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் வீடுகளில், அதில் குளோரின் இருப்பதால், வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்த பின்னரே தொட்டிக்கு ஊற்றலாம். அயலில் குடிக்கவே நீர் தட்டுப்பாடு என்றால், மீன் வளர்ப்பைப் பற்றிப் பேச வேண்டாம், சண்டைதான் வளரும்.

தொட்டிக்கு மேல் வலை கட்டாயம். மீன்கொத்திக்கும் கொக்குக்கும் நீர்ப்பாம்புக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. கழித்துப்போட்ட வாவி வலைத் துண்டு போதும். தும்பி முட்டையிட்டால் அதன் குடம்பி அடியில் பதுங்கியிருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்னும். இதற்குக் கண் சிறிய வலை வேண்டும்.

வெள்ளம் வேறு விடயம். 1978 சூறாவளியும் 2011 ஜனவரி வெள்ளமும் கடந்த 2025 நவம்பர் டித்வாவும் கண்ட எமக்கு, ஐப்பசி முதல் தை வரை நிலம் எப்போது நீராகும் என்று சொல்ல முடியாது. தொட்டி விளிம்பு வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும். மழைநீர் வழிந்து போகும் குழாய்க்கு வலை கட்ட வேண்டும். மீன் போனால் எமக்கு நட்டம் என்பதோடு இது முடிவதில்லை. கண்ணாடித் தொட்டிக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த தொட்டிசுத்திகரிப்பான் மீனும் கத்திமீனும் நாட்டின் பல குளங்களிலும் ஆறுகளிலும் பரவிவிட்டன. தொட்டிசுத்திகரிப்பானின் முள்ளுச் செட்டை மீனவர் வலையைக் கிழிக்கிறது, கத்திமீன் மற்ற மீன்களைத் தின்கிறது. வாவியை நம்பி எத்தனை ஆயிரம் அடுப்பு எரிகிறது என்பதை நினைத்தால், இந்த இரண்டு மீன்களையும் யார் இலவசமாகத் தந்தாலும் வளவுக்குள் எடுக்கக்கூடாது. வேண்டாத கப்பியைக்கூட வாவியிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம்.

தொழிலைக் கைவிட்டால் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மீனில்லாத தொட்டி டெங்கு நுளம்பின் தொட்டில். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீன் வளர்த்த கதை கேட்கமாட்டார்.

வாங்குபவர்

இனி, முதலில் செய்ய வேண்டியதற்கு வருவோம். மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் மீன்தொட்டி விற்கும் கடைகளுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். எந்த மீன் அதிகம் போகிறது, எங்கிருந்து வருகிறது, கிழமைக்கு எத்தனை வேண்டும், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து வரும் மீன் வழியில் சாகிறது என்று கடைக்காரர் முறையிட்டால் அது உங்களுக்கு நல்ல செய்தி. உள்ளூர்க் கடை சிறிய சந்தைதான். ஒரு கிராமத்தில் ஐம்பது குடும்பம் ஒரேயடியாகக் கப்பி வளர்த்தால் மூன்றாம் மாதம் விலை விழும். உதவித் திட்டம் என்று வந்து எல்லாருக்கும் ஒரே மீனைப் பங்கிடுபவர்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஏற்றுமதிக்குக் கொடுக்க விரும்பினால் தனி ஒருவராக முடியாது. சென்னையின் வடபுறத்தில் கொளத்தூர் என்ற இடம் அலங்கார மீனுக்குப் பேர்போனது. அங்கே வீட்டு வளவிலும் மாடியிலும் தொட்டி வைத்து வளர்ப்பவரும், தீன் விற்பவரும், மீன் வாங்கி விற்கும் கடைக்காரரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஒருவர் குஞ்சு பொரிக்க, இன்னொருவர் வளர்க்க, மற்றவர் விற்கிறார். எமது பகுதியில் அப்படி ஒரு சந்தை இல்லை. ஆனால் பத்துக் குடும்பம் சேர்ந்து, ஆளுக்கு ஓர் இனம் என்று பிரித்து வளர்த்து, ஒரே நாளில் பொதிசெய்து ஒரே வாகனத்தில் அனுப்பினால் அந்த இரவுப் பிரயாணத்தின் செலவு பத்தாகப் பிரியும். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, நக்டா என்று அழைக்கப்படுவது, குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லவில் அலங்கார மீன் இனப்பெருக்க நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. குழுவாகப் போனால் பயிற்சி பற்றியும் நல்ல இனத் தாய்மீன் பற்றியும் அதிகாரிகளிடம் பேசுவது இலகு.

வாங்குபவரோடு பேசும்போது விலையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். எந்த இனம், எத்தனை அங்குலம், ஒரு தடவைக்குக் குறைந்தது எத்தனை, காசு அன்றைக்கா அடுத்த மாதமா, வழியில் செத்த மீனின் நட்டம் யாருக்கு? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அனுப்புவதற்கு முதல்நாள் மீனுக்குத் தீன் நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீன் பையிலுள்ள நீரை அழுக்காக்கிச் சாகும். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஒட்சிசன். வெயிலில் வைக்காமல் மாலையில் கட்டி இரவில் அனுப்ப வேண்டும். இவ்வளவும் செய்தும் சில சாகும். அந்தச் சிலவற்றை விலையிலிருந்து கழிப்பவர், எண்ணிக் காட்டித்தான் கழிக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி, எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள்.

பேச்சு ஒப்பேறினால், தொடங்க நல்ல காலம் பெரும்போக அறுவடை முடிந்து மழை ஓய்ந்த மாசி மாதம். ஒரு தாய்த் தொட்டி, ஒரு குஞ்சுத் தொட்டி, ஆணையும் பெண்ணையும் பிரிக்க இரண்டு வெட்டிய பரல். பத்துத் தாய், மூன்று நான்கு ஆண். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது விற்றுப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் எத்தனை ஈன்றது, எத்தனை செத்தது, எத்தனை விற்றது, என்ன செலவு என்று ஒரு பழைய கொப்பியில் எழுதி வாருங்கள். பரலைக் கூட்டுவதா, இருப்பதை விற்றுவிட்டுக் கோழிக்கூடு அடிப்பதா என்று புரட்டாதியில் அந்தக் கொப்பியைப் பார்த்து வீட்டார் எல்லோரும் இருந்து பேசலாம்.